துக்கமணியை வேறொருவர் அடித்த காலை

எங்கள் ஊர் மடத்தில் துக்கமணியை எப்போதும் சகோதரி அமலோற்பவம்தான் அடிப்பார். போன செவ்வாய்க்கிழமை காலை அதை வேறு யாரோ அடித்தார்கள்.

வாசலில் பால் வாங்கிக்கொண்டிருந்த என் மனைவி, சொம்பைக் கையில் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடித்தது பழகாத கை. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் எவ்வளவு விட வேண்டும் என்று தெரியாமல் அது தவித்தது. இத்தனை வருஷத்தில் அந்த மணியை அவர் இன்னொருவரிடம் கொடுத்ததே கிடையாது. ஆகவே, போனது யார் என்று யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த மணியைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள். சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நாராயணவனத்திலிருந்து பிச்சாட்டூர் போகிற சாலையில் இருக்கிறது அந்தக் கன்னியர் மடம். உள்ளே போன சகோதரிகள் வெளியே வருவதில்லை. வெளியார் உள்ளே போவதில்லை. சாகும்வரை அதே வீட்டில் இருந்து, அதே தோட்டத்தில் புதைக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. வெளியுலகத்துக்கு இருந்த ஒரே வழி, வாயில் சுவரில் பொருத்திய சுழலும் மரப்பெட்டி. நாம் காய்கறியை அதில் வைத்துத் திருப்பினால் அது உள்ளே போகும். உள்ளிருந்து திருப்பினால் காலிக் கூடை வெளியே வரும். கொடுத்த கையும் தெரியாது, வாங்கின கையும் தெரியாது. அந்தப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்தவர்களோடு பேச அனுமதி உள்ள ஒரே சகோதரி அமலோற்பவம். மடத்துச் சுவரை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் அவரோடு பேசியிருக்கிறேன். முகத்தைப் பார்த்ததில்லை.

அவரைப் போலப் பயந்த ஒரு மனுஷியை நான் கண்டதில்லை. இடி இடித்தால் பெட்டிக்குப் பின்னால் "யேசுவே, யேசுவே" என்று குரல் கேட்கும். ஒருநாள் மௌன நேரத்தில், கீரை விற்கும் சுப்பம்மா வைத்துத் திருப்பிய கூடையோடு ஒரு பல்லியும் உள்ளே போய்விட்டது. மடமே அதிரும்படி ஓர் அலறல். மறுநாள் சுப்பம்மா பெட்டியருகில் குனிந்து, "ஏமம்மா, நீங்க சைத்தானையே துரத்தறவங்க, பல்லிக்கா இந்தக் கூச்சல்?" என்று கேட்டாள்.

"சைத்தான் மேல விழாது சுப்பம்மா. பல்லி விழும்" என்றார் அவர்.

சூளூர்பேட்டைக்குக் கிழக்கே ஏரிக்கரையில் பிறந்தவர். தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் வரும். அவருடைய நைனா, அதாவது அப்பா, படகில் மீன்பிடிக்கப் போகிறவர். மூடுபனி இறங்கிய நாட்களில் பெண்கள் கரையில் நின்று மாறி மாறிக் கூவுவார்களாம். படகில் இருப்பவர்களுக்குக் கரை எந்தப் பக்கம் என்று அந்தக் கூவலில்தான் தெரியும். "பயம் வந்தா வாயை மூடக் கூடாது வாத்தியாரய்யா. சத்தம் குடுக்கணும். நாம இருக்கோம்னு அவங்களுக்குத் தெரியணும்" என்று அடிக்கடி சொல்வார். அதை ஒரு பயந்தாங்கொள்ளியின் பேச்சு என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

இனி மணியைப் பற்றி. காலை, உச்சிப்பொழுது, மாலை என்று மூன்று வேளையும் மடத்தில் திரிகால ஜெபத்துக்கு மணி அடிக்கும். சகோதரிகள் வாரம் ஒருவராக அதை அடிப்பார்கள். தறிக்காரர்கள் தறியை விட்டு எழுவதும், கழனியில் இருப்பவர்கள் கஞ்சிக்குக் கரையேறுவதும் அந்த மணிக்குத்தான். முகம் தெரியாத அந்தப் பெண்களை எங்கள் ஊர் மணி அடிக்கும் கையை வைத்துத் தெரிந்து வைத்திருந்தது. ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். வகுப்பில் முதுகைக் காட்டிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, இருமினது எந்தப் பையன் என்று வாத்தியாருக்குத் தெரியும் அல்லவா? அது மாதிரி. "இந்த வாரம் யாரம்மா?" என்று சுப்பம்மா பெட்டியில் கேட்டு வந்து தெருவெல்லாம் சொல்வாள். எல்லோருக்கும் பழகிப்போனது தெரேசம்மாவின் கை. குண்டூர்ப் பக்கத்துக் கிழவி. எப்போதோ விழுந்து வலது கை ஒடிந்தவர். முதல் அடி விழுந்ததும் மணி ஒரு கணம் தயங்கும். பிறகுதான் அடுத்தது வரும்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்தபின் வந்த அந்த நாட்களை நான் மறக்கவில்லை. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று ஊர்வலம், மறியல், கடையடைப்பு. ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எந்தப் பாஷையில் வாய் திறப்பது என்று முடிவு செய்தோம். நேற்றுவரை கடன் சர்க்கரை கொடுத்த வீடு, கதவைச் சாத்திக்கொண்டது.

மடத்துக்குள்ளே தமிழ்ச் சகோதரிகளும் தெலுங்குச் சகோதரிகளும் சரிபாதி. சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பேசாமல் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். ஒருநாள் தமிழில் வாசிப்பு, மறுநாள் தெலுங்கில். "உள்ளே எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "வாசிக்கிறவ குரல் நடுங்குது. ரெண்டு நாளும் நடுங்குது" என்றார் அமலோற்பவம்.

பக்கத்து ஊரில் எதற்கோ தமுக்கு அடிக்கப்போய், கலகம் என்று நினைத்து ஜனங்கள் கம்போடு ஓடிவந்து மண்டைகள் உடைந்தன. அதற்குப் பிறகு அதிகாரிகள் வந்து, நிலைமை அடங்கும்வரை மணி, மேளம் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நியாயமான வேண்டுகோள்தான். மடத்துத் தலைவி மதர் ஒப்புக்கொண்டார். மணியின் நாக்கில் துணி சுற்றிக் கட்டினார்கள். பெரிய வெள்ளிக்கிழமையில் மணிக்குப் பதிலாக அடிப்பதற்கென்று மடத்தில் ஒரு மரக்கட்டை உண்டு. அதைத் தட்டி ஜெபத்துக்குக் கூடினார்கள்.

வகுப்பில் இரைகிற வரிசையைப் பற்றி வாத்தியார் கவலைப்படுவதில்லை. திடீரென்று அடங்கிப்போகிற வரிசையைத்தான் எட்டிப் பார்ப்பார். ஊரும் அப்படித்தான் எட்டிப் பார்த்தது. மணி ஏன் அடிக்கவில்லை? தறிக்காரத் தெருவில், "தமிழ் சிஸ்டருங்களை உள்ள போட்டுப் பூட்டிட்டாங்களாம்" என்றார்கள். ஆற்றோரத்துத் தெலுங்குக்காரர் தெருவில், "நம்ம அம்மாக்களை ராவோடு ராவா துரத்திட்டாங்களாம்" என்று பேசிக்கொண்டார்கள். மணி கட்டப்பட்ட காரணத்தை நான் இரண்டு தெருவிலும் போய்ச் சொன்னேன். இரண்டு தெருவிலும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

அடுத்த கடையடைப்பு நாளன்று, உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால், சாலையின் இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மேற்கேயிருந்து தறிக்காரர்கள். முன்னால் என் பங்காளி தணிகாசலம், கையில் தறிக்கட்டை. கிழக்கேயிருந்து ஆற்றோரத்துக்காரர்கள். முன்னால், சொன்னால் நம்பமாட்டீர்கள், சுப்பம்மா. மடத்து வாசலில் நடுவே நின்றது நான் ஒருவன்.

"தள்ளுண்ணா. எங்க பொண்ணுங்களை இட்டுக்கினு போவத்தான் வந்திருக்கோம்" என்றான் தணிகாசலம்.

"உங்க பொண்ணுங்களா? மா தெரேசம்மாவை, எங்க தெரேசம்மாவை, என்னடா பண்ணீங்க?" என்றாள் சுப்பம்மா.

அந்த நேரம் பார்த்து, உள்ளே ஜெபத்துக்காக மரக்கட்டையைத் தட்டினார்கள். கட், கட், கட் என்று அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. கதவை உடைக்கிறார்கள் என்று இரண்டு கூட்டமும் நினைத்தது. ஒருவரையொருவர் பார்த்து, "உள்ள அவங்க ஆளுங்க பூந்துட்டாங்கடா!" என்று கத்தினார்கள். கல் ஒன்று சுவரில் பட்டுத் தெறித்தது. பெட்டியின்மேல் சாய்ந்துகொண்டு, "அம்மா, அம்மா" என்று தட்டினேன்.

"யாரு அது? நீ தமிழா தெலுங்கா? சொல்லு!" என்று ஒருவன் பெட்டியைப் பார்த்துக் கத்தினான்.

உள்ளிருந்து பல் தந்தியடிக்கும் குரலில் பதில் வந்தது. "நான் கதவு பாக்கறவப்பா."

பிறகு என்னிடம் மட்டும் மெதுவாக, "துணியை அவிழ்க்கப்போறேன் வாத்தியாரய்யா" என்றார்.

"வேண்டாம்மா. மணி கேட்டால் மிச்ச ஊரும் ஓடிவரும். மதரைக் கேட்டீர்களா?"

"மதர், தெரேசம்மாவோட கட்டில்கிட்ட இருக்காங்க. தெரேசம்மாவுக்குச் சுரம் ஏறிப்போச்சு. கேட்க நேரமில்ல."

மணி அடித்தது. அந்தக் கணம் இருந்த பயம் எனக்கு வாழ்க்கையில் பிறகு வரவில்லை. சாலையே நின்றுவிட்டது. பெட்டிக்குப் பின்னாலேயே தொங்கிய கயிற்றை, ஒவ்வொரு சகோதரியாகக் கூப்பிட்டு அவர் கொடுப்பது எனக்குக் கேட்டது. முதலில் ஒரு கனத்த கை. "அது எங்க வேலூர் சிஸ்டரு" என்றான் தறிக்காரர்களில் ஒருவன். அடுத்தது படபடவென்று அடிக்கும் கை. "நெல்லூர் அம்மா" என்றது எதிர்க்கூட்டம். ஒன்றன்பின் ஒன்றாகக் கைகள் வந்தன. தூக்கிய கம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் ஊன்றின. பிறகு மணி நின்றது.

"தெரேசம்மா?" என்றாள் சுப்பம்மா.

"தெரேசம்மா எக்கட? அது கை கேக்காம நான் போமாட்டேன்!" அவளுக்குப் பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. கம்புகள் மறுபடி அசைந்தன.

எல்லோருடைய கையும் அமலோற்பவத்துக்கு அத்துப்படி. தெரேசம்மாவைப் போல அவரே அடித்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படித்தான் செய்யப்போகிறார் என்று நினைத்தேன், செய்யட்டும் என்று வேண்டவும் செய்தேன். ஆனால் பெட்டி வழியாகக் கேட்டது ஒரு நாற்காலியின் கால்கள் தரையில் இழுபடும் ஓசை. மதரின் மூச்சு வாங்கல். பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு கிழக்குரல், "தாடு எக்கட?" என்றது. கயிறு எங்கே என்று கேட்டது.

"இதிகோ அம்மா. பட்டுக்கோண்டி" என்றார் அமலோற்பவம். இதோ, பிடித்துக்கொள்ளுங்கள்.

ஓர் அடி. தேங்காய் ஓட்டைத் தட்டின மாதிரி மெல்லிய அடி. ஒரு தயக்கம். அது நீண்டது. இனி வராது என்று தணிகாசலம்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் இரண்டாவது அடி விழுந்தது.

சுப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சாலையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஆளை அனுப்பியது தணிகாசலம். கூட்டம் வந்த வழியே போயிற்று.

கீழ்ப்படிதல் வாக்கை மீறியதற்காக, அன்று மற்றவர்கள் சாப்பிடும்போது அமலோற்பவம் நடுக்கூடத்தில் முழந்தாளிட்டு இருக்க வேண்டும் என்று தண்டனை கொடுத்தார் மதர். தெரேசம்மாவை நாற்காலியோடு இழுத்துவந்த அதே மதர்தான். "வருத்தமாக இல்லையா அம்மா?" என்று கேட்டேன். "அன்னிக்குப் பருப்பு அடிப்பிடிச்சுப் போச்சு ஐயா. முட்டி போட்டுக்கினு இருந்தது எவ்வளவோ மேல்" என்று சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் குரல் மாறியது. "அந்தக் கயித்தைப் புடிச்சதும் எனக்கு உடம்பெல்லாம் ஆடிச்சு. அதான் மணி நல்லா அடிச்சுது."

அந்த வாரமே தெரேசம்மா போய்விட்டார். துக்கமணியை அமலோற்பவம் அடித்தார். இரண்டு தெருவும் வந்து சுவருக்கு வெளியே நின்றது, தள்ளித் தள்ளி.

இப்போது எல்லை முடிவாகிக் கல்லும் நட்டுவிட்டார்கள். கோடு எங்களுக்குத் தெற்கே போயிற்று; நாங்கள் ஆந்திராவில். மடம் பிரியவில்லை. ஆனால் அந்தப் பழைய பயம் எங்களை விட்டுப் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். தணிகாசலமும் ஆற்றோரத்துக்காரர்களும் இன்றும் பேசுமுன் ஒரு கணம் முகத்தைப் பார்க்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை, வெளியாரும் வந்து நிற்கக்கூடிய மடத்துக் கோயிலில் கம்பிக் கதவுக்குப் பின்னால் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தேன். சிறிய, கறுத்த முகம். என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை. மடித்து வைத்த கைகளைப் பார்த்தேன். ஜெபமாலைக்கு நடுவே, உள்ளங்கையில் கயிறு உரசிய காய்ப்பு தெரிந்தது. அதைப் பார்த்தபின்தான் எனக்கு அழுகை வந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம். பக்கத்து வீடு வழக்கத்துக்கு மாறாக அடங்கிக் கிடந்தால், போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். "கிழவருக்கு வேலையில்லை" என்று சிரிக்கிறார்கள். சிரித்தால் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அது போதும்.

நேற்று மாலை மடத்து மணி அதன் நேரத்தில் அடிக்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் நான் சாலைக்கு வந்தேன். மடத்து வாசலில் எனக்கு முன்பே சுப்பம்மா நின்றிருந்தாள். தணிகாசலம் தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். ஏன் வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இருட்டத் தொடங்குமுன் மணி அடித்தது. தாறுமாறாக, மூச்சுத் திணறி, யாருக்கும் பழக்கமில்லாத ஒரு கை.

நான் பெட்டியருகே குனிந்து, "யாரம்மா?" என்றேன்.

ஓர் இளங்குரல், "நான் புதுசா கதவு பாக்கறவ ஐயா. நேரமாயிடுச்சு, கோபமா?" என்றது.

குரல் நடுங்கியது. நாங்கள் மூவரும் நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பினோம்.