பெல்டுக்குக் கீழே ஒரு கறுப்புப் பொருக்கு

இடுப்பில் கட்டிய சாறனை நாலு விரல் இறக்கிக் காட்ட வெட்கப்பட்டு நான் மௌத்தாகப் (சாகப்) பார்த்தேன்.

இதை வேறு விதமாகவும் தொடங்கிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி நடைபாதை, டெட்டோல் மணம், சுவரில் ஒரு பல்லி என்று ஒரு பந்தி எழுதினேன். கண்ணியமாகத்தான் இருந்தது. ஆனால் காரணம் பிடிபடாத காய்ச்சலோடு எங்கேயோ ஒரு வார்டில் போர்த்துக்கொண்டு கிடக்கும் உங்களுக்கு என் கண்ணியத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. என் வெட்கக்கேட்டால் ஒருவேளை ஏதாவது ஆகலாம்.

கல்முனைச் சந்தடியை விட்டு, நற்பிட்டிமுனைப் பக்கம் வயலும் வளவும் முட்டுகிற இடத்தில் வீடு கட்டி நானும் மனைவி ஹாஜறாவும் குடியேறிச் சில வருடங்களாகின்றன. நான் நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பேர் வாங்கியவன். ஐம்பதைத் தாண்டியதும் மனிதர்களைக் கேலி செய்து அலுத்துப்போய் இயற்கையின் பக்கம் சாய்ந்தேன். மாரியில் எந்தப் பறவை வருகிறது, வயல் விளையும்போது எது போகிறது, உழவு மெசினுக்குப் பின்னால் கொக்குகள் எப்படி வரிசை பிடிக்கின்றன என்று ஒரு சிறு சஞ்சிகையில் மாதம் ஒரு பத்தி எழுதிவந்தேன். மிக அழகான பத்தி. வாசித்த யாருக்கும் என் வளவுக்கு வந்து குடியிருக்க ஆசை வரும்.

பத்தியில் எழுதாமல் விட்டவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் மழைக்கு ஈசல் கிளம்பினால் அதன் சிறகு சோற்றுக்கு ஊற்றும் ஆணத்தில் மிதக்கும். கழிவறைக் கோப்பைக்குள்ளிருந்து தேரை ஒன்று நம்மை நிமிர்ந்து பார்க்கும். தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யும் குழாயைச் சுற்றி ஆபிரிக்க நத்தைகள் சளி இழுத்துவிட்டுப் போயிருக்கும். செருப்புக்குள் சரக்கட்டை (மரவட்டை) சுருண்டு கிடக்கும். ஒரு நாள் கபரக்கொய்யா (பெரிய நீர் உடும்பு) ஒன்று கிணற்றடியில் வந்து, தான் விழுங்கியதை எல்லாம் கக்கிவிட்டு, பிறகு அதிலேயே ஒரு பகுதியைத் திரும்ப விழுங்கிவிட்டுப் போனது. கொக்கு ஒன்று எலிக்குஞ்சை உயிரோடு விழுங்குவதைப் பார்த்தேன். அதன் கழுத்துக்குள் அந்தக் குஞ்சு நெளிந்து நெளிந்து இறங்கியது. வீட்டுக்குள் வந்து கொக்கின் வெண்மையைப் பற்றி எழுதினேன்.

வேலிக்கும் வாய்க்காலுக்கும் இடையில் இடுப்பளவு புல் வளர்ந்திருந்தது.

“அதக் கொஞ்சம் வெட்டச் சொல்லுங்க. உள்ளுக்க முழுக்க எலி வளையா இரிக்கி” என்றாள் ஹாஜறா.

“கானாங்கோழி குஞ்சு பொரிச்சிரிக்கி. இப்ப வெட்ட ஏலா.”

“கோழிக்குஞ்சுதான் வேணுமெண்டா சந்தையில விக்கிறான். இதுக்குப்போய் பத்தைக்குள்ள குந்தணுமா?”

குந்தினேன். புல்லுக்குள் ஒரு பன்பாயை விரித்து, சாறனும் அதன்மேல் எங்கள் ஆட்கள் கட்டுகிற அகலமான பச்சை பெல்டுமாக, தூரநோக்கியோடு காலையில் போய் உட்கார்ந்துவிடுவேன். அசையாமல் இருப்பதில் எனக்குப் பெரிய கர்வம். ஓணான் என் முழங்காலில் ஏறி இறங்கியதை ஒரு பத்தியாகவே எழுதியிருக்கிறேன். எலிகள் நடமாடும் புல்லில் அசையாமல் இருக்கும் சூடான உடம்பு ஒன்று வேறு சில உயிர்களுக்கு என்னவாகத் தோன்றும் என்பதை நான் யோசிக்கவில்லை. அதைப் பற்றி வாசித்துக்கூட இருந்தேன். வாசிப்பதெல்லாம் மற்றவர்களுக்கு நடப்பவை என்ற எண்ணம் படித்தவர்களுக்கு உண்டு.

சில நாள் கழித்துக் குளிக்கும்போது, பெல்டுக்குக் கீழே, கவட்டு மடிப்பில் ஒரு சின்னப் பரு கைக்குத் தட்டுப்பட்டது. வலியில்லை, அரிப்பில்லை. பிறகு அது கறுத்துப் பொருக்குத் தட்டியது. சிகரட்டால் சுட்டது போல, சுற்றிவர ஒரு சிவப்பு வளையம். பெல்ட் உரசிய புண் என்று நானே முடிவு செய்து, கருஞ்சீரக எண்ணெய் பூசி, மேலே பெல்டை இறுக்கிக் கட்டினேன். வயலுக்கு வந்த புதுக் குருவி ஒன்றின் வால் நிறத்தைச் சரிபார்க்க மூன்று புத்தகம் புரட்டுகிறவன், சொந்த உடம்பில் வந்திருந்ததை இரண்டாம் முறை குனிந்து பார்க்கவில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிப்பதுபோலத் தலைவலி. பல் கிடுகிடுக்கும் நடுக்கம். பனடோல் போட்டால் வியர்த்து ஊற்றும். விட்டால் மறுபடி ஏறும். டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனை சொன்னது. வார்டில் அனுமதித்தார்கள். வயல் பக்கத்து ஆள், மாரி காலம். எலிக்காய்ச்சலாக (எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் தொற்று) இருக்கலாம் என்று அதற்கான மருந்தை ஏற்றினார்கள். அந்த நேரத்தில் அதுதான் நியாயமான முடிவு. அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஹாஜறாவின் தம்பி மஹ்றூப் பார்க்க வந்தான். வேளாண்மை செய்கிறவன். தோடம்பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“சேத்துக்குள்ளயே கிடக்கிற எங்களுக்கு ஒண்டுமில்ல மச்சான். குருவி பாத்த ஒங்களுக்குக் காய்ச்சல். இதையும் எழுதுவீங்களா?”

வார்டில் சின்ன டாக்டர் ஒரு பெண் பிள்ளை. முதல் நாளே என்னை அடையாளம் கண்டுவிட்டார். “அங்கிள், எங்கட ஸ்கூல் பரிசளிப்புக்கு வந்து பேசினீங்கதானே? மரத்தப் பாருங்க, பூச்சியப் பாருங்க, எதையும் உத்துப் பாருங்க எண்டு.” அந்தக் காய்ச்சலிலும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. நிமிர்ந்த நெஞ்சோடு அடுத்த கேள்வியைச் சந்தித்ததுதான் பிழை.

“உடம்பில எங்கயாவது பூச்சி கடிச்ச மாதிரி, கறுப்பாப் பொருக்கு மாதிரி ஏதும் இரிக்கா? கக்கத்துல, கவட்டுக்குள்ள?”

“ஒண்டுமில்ல மகள்.”

“வடிவாப் பாத்தீங்களா? கூச்சமெண்டாச் சொல்லுங்க, ஆம்பிளை டாக்டர் ஒராளக் கூப்பிடுறன்.”

“இரிக்கிற அழகுக்கு ரெண்டு டாக்டர் தேவையில்ல மகள்.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, கடி இல்லை என்று குறித்துவிட்டுப் போனார். ஆளைச் சிரிக்க வைத்தால் எதையும் மறைத்துவிடலாம் என்பது என் தொழில் ரகசியம். அன்றைக்கு அது கச்சிதமாக வேலை செய்தது.

கேள்வியைக் கேட்டவுடனேயே எனக்கு அந்தப் பொருக்கு நினைவுக்கு வந்துவிட்டது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவ்றத்து (ஆண் மறைக்க வேண்டிய, தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி) என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மார்க்கம் நோயாளிக்கு அதில் இடம் விட்டிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். உண்மையான காரணம் நாற்றம். வாரக்கணக்கான எண்ணெயும் காய்ச்சல் வியர்வையும் பெல்டுக்குக் கீழே சேர்ந்து புளித்துக் கிடந்தது. பரிசளிப்பு மேடையில் பேசியவன் அந்த மணத்தோடு அந்தப் பிள்ளைக்கு முன்னால் படுத்திருக்க விரும்பவில்லை. அவ்வளவுதான்.

மருந்து ஏறியது, காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு எட்டாமல் போனது. நுரையீரலில் நீர்த்தன்மை காட்டுகிறது என்று ஒட்சிசன் முகமூடி போட்டார்கள். முகமூடிக்குள் என் மூச்சு எனக்கே திரும்பி வந்தது. அது செத்த எலியின் மணமாக இருந்தது. வாந்தி எடுத்தால் துடைக்கக் கை எழும்பாது. சிறுநீர் தேநீர் நிறத்தில் போனது. என் உடம்பைத் தொட எனக்கே அருவருத்தது. உயிருள்ள எதையும் நேசிக்கிறேன் என்று எழுதியவன், ஒரு ஈ வந்து உதட்டில் உட்கார்ந்ததற்குக் கண்ணீர் விட்டேன்.

அதோடு காதும் அடைத்தது. முதலில் இரைச்சல், பிறகு எல்லாரும் கிணற்றுக்குள் நின்று பேசுவதுபோல. பெரிய டாக்டர் ஹாஜறாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைப்பதைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். என்ன சொன்னார் என்பதைக் கேட்கக் காது தேவைப்படவில்லை.

அன்று பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் ஹாஜறா ஈரத் துணியால் என் உடம்பைத் துடைத்தாள். திரையை இழுத்துவிட்டு, நான் தடுக்க முன்பே சாறனைத் தளர்த்தினாள். கை நின்றது.

“இதென்ன?”

“பெல்ட் உரசினது.”

“பெல்டுக்குப் பல்லு முளைச்சிரிக்கா? டாக்டர் புள்ள கேக்கல்லயா?”

“கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அவ்றத்து...” என்று தொடங்கினேன்.

எனக்குக் காது கேளாது என்பதால் அவள் கத்திப் பேசவேண்டியிருந்தது. “சுபஹுத் தொழுகைக்கு எழும்பாத மனிசனுக்கு அவ்றத்து மட்டும் பாடமா இரிக்கி! மௌத்தானா நாலு பேர் சேந்து குளிப்பாட்டத்தான் போறாங்க. அதுக்கு முந்தி ஒராளுக்குக் காட்டினாக் கொறஞ்சா போவீங்க?”

திரை சத்தத்தை மறைப்பதில்லை. என் கவடு அந்த வார்டு முழுவதற்கும் பொதுச் சொத்தானது. பக்கத்துக் கட்டில் மனிதர் இருமுவதுபோல நடித்தது எனக்கே கேட்டது.

ஹாஜறா போய்ச் சின்ன டாக்டரைக் கையோடு கூட்டி வந்தாள். அவர் டோர்ச் அடித்துப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. நான்தான் சுளித்தேன்.

“அங்கிள், நான் இதத்தான் கேட்டன்” என்றார். எனக்குக் கேட்கவேண்டும் என்று குனிந்து, காதுக்குப் பக்கத்தில், மெதுவாக. அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பொருக்குக்கு எஸ்கார் (சிற்றுண்ணி கடித்த இடத்தில் தசை இறந்து கறுத்துப்போவது) என்று பெயர். நோய் உண்ணிக்காய்ச்சல். மாட்டில் தொங்குகிற உண்ணி இதற்குக் காரணமில்லை. புல்லிலும் எலியிலும் வாழும், கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. உடுப்பு இறுகும் இடமாகப் பார்த்து அது கடிக்குமாம். நான் பெல்ட் கட்டி அதற்கு நல்ல இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். டொக்சிசைக்கிளின் (இந்தக் கிருமிக்கு நன்றாகக் கேட்கும் மருந்து) தொடங்கினார்கள். நேரத்தோடு தொடங்கினால் காய்ச்சல் சட்டென்று இறங்கும் என்றார்கள். நேரம் தவறியும் எனக்கு இறங்கியது. இரண்டாம் நாள் விடியும்போது போர்வை கனமாக இருப்பது தெரிந்தது. அதுவரை எனக்குப் போர்வை என்று ஒன்று இருந்ததே தெரியாது.

ஆகவே, காய்ச்சலோடு இதை வாசிக்கிறவர்களுக்கு: கக்கம், கவடு, காதின் பின்புறம், பெல்டும் உள்ளாடை நாடாவும் இறுகும் இடம், இவற்றைப் பாருங்கள். எட்டாத இடத்தை வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது வலிக்காது. வலிக்காததால்தான் நாம் அதை மதிப்பதில்லை. டாக்டர் கேட்டால் பகிடி விடாமல் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்தபோது மஹ்றூப் ஆள் வைத்துப் புல்லை வெட்டி எரித்திருந்தான். எலி வளைகள் வாய் திறந்து கிடந்தன. நான் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. யன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். பல நாள் சோற்றில் எனக்கு ஈசல் தெரிந்தது, இல்லாத நாளிலும்.

காது முழுதாகத் திரும்பவில்லை. காகமும் மாடும் கேட்கின்றன. சின்னக் குருவிகள் வாய் திறப்பதை மட்டும் பார்க்கிறேன். அதற்குப் பதிலாகக் காதுக்குள் ஒரு சில்வண்டு குடியேறியிருக்கிறது. வெளியில் மாரி போய் வெயில் வரும், விதைப்பு முடிந்து அறுவடை வரும்; அதற்கு மட்டும் பருவமில்லை, ஓயாமல் கத்துகிறது. முன்பு காலத்தை வந்துபோகும் பறவைகளை வைத்து அறிந்தேன். இப்போது ஒவ்வொரு குளிப்பிலும் விரலால் மடிப்பு மடிப்பாகத் தடவி அறிகிறேன். இந்த உடம்பு எனக்குச் சொந்தமான வீடு என்று நினைத்திருந்தேன். அதுவும் ஒரு வளவுதான். யார் யாரோ வந்து தங்கிப்போகிறார்கள், என்னிடம் கேட்பதில்லை.

சில மாதம் கழித்து கிளினிக்குக்குப் போனேன். வார்டில் டோர்ச் அடித்துப் பார்த்த அன்றைக்கே, திரைக்குள் என் சம்மதம் கேட்டுச் சின்ன டாக்டர் அந்தப் பொருக்கைப் போனில் படம் எடுத்திருந்தார்; மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்ட உதவும் என்றார். பட்ட அவமானத்துக்கு அது ஒன்றுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. என்னால் சில பேர் பிழைப்பார்கள் என்று வீட்டில் ஹாஜறாவிடம் பல தடவை சொல்லியுமிருந்தேன். சோதித்து முடித்ததும் மெதுவாகக் கேட்டேன்.

“அந்தப் படம் பிள்ளையளுக்குக் காட்டினீங்களா மகள்?”

“அது கலங்கிப் போச்சு அங்கிள், வடிவா விழல்ல” என்றார் அவர், அடுத்த ஆளின் அட்டையை எடுத்துக்கொண்டே. “சொறிக்கல்முனையில இரிந்து ஒரு மாட்டுக்காரர் வந்தாரு. வந்த கையோட அவரே அவிழ்த்துக் காட்டினாரு. பாடத்துக்கு அவருடயதத்தான் போட்டிரிக்கம். எவ்வளவு வடிவான பொருக்கு தெரியுமா!”