மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு மணி ஐந்து நிமிடம்

தொண்ணூறுகளின் தொடக்கம். காலை எட்டு மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு மகன் கண்ணன் அழைத்தான். பெங்களூரிலிருந்து அவனது படைப்பிரிவை அசாமுக்கு மாற்றியிருந்தார்கள். சென்னை சென்ட்ரலில் மாலை நாலே காலுக்கு ரயில். அதைத் தன் அம்மாவிடம் சொன்னான். என்னைக் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகளாக நாங்கள் பேசுவதில்லை. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த நான் அவனை வக்கீலாக்க நினைத்தேன். அவன் ராணுவத்தில் சேர்ந்தான். போனால் திரும்பி வராதே என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் போனால் சென்னை சேர இரவாகிவிடும். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் மதுரைக்குப் பேசி, விமானத்தில் இரண்டு இடம் பிடித்துத் தந்தார். மனைவி செண்பகத்தை மட்டும் அனுப்பலாமா என்று யோசித்தேன்.

"நீங்க வரலைன்னா நானும் போகல" என்றாள்.

எட்டே முக்காலுக்குப் பஸ். மதுரை எழுபத்தைந்து கிலோமீட்டர்; கிருஷ்ணன்கோவில், கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று நின்று நின்று பதினொன்றே காலுக்குத்தான் சேர்ந்தது. அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோவில் அரை மணி நேரம்.

ஒன்று இருபதுக்கு விமானம் கிளம்பியது. பெல்ட் போடத் தெரியாமல் நாங்கள் தடுமாற, பக்கத்து இருக்கையில் இருந்த டாக்டர் மாட்டிவிட்டார். சென்னைக்கு எம்புட்டு நேரம் ஆகும் என்று செண்பகம் அவரிடம் கேட்டாள். ஒரு மணி ஐந்து நிமிடம் என்றார். நம்பாமல் என்னைப் பார்த்தாள். அவள் ஜன்னல் வழியே மேகங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கண்ணைத் திறக்கவே இல்லை. மகனிடம் முதலில் என்ன சொல்வது என்று தேடித் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

மீனம்பாக்கத்திலிருந்து டாக்சி. மூன்றரை மணிக்கு சென்ட்ரலில் இருந்தோம். பெரிய பச்சைப் பைகளுக்கு நடுவே கண்ணன் நின்றிருந்தான், இளைத்திருந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான். எப்படி வந்தீர்கள் என்று கேட்க, விமானத்தில் என்று அவள் சொன்னதும் சிரித்துவிட்டான். அவன் இதுவரை விமானம் ஏறியதில்லை. அவள் சொல்லச் சொல்ல, சின்னப்பிள்ளைபோல் கேட்டான்.

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"பயமா இருந்துச்சாப்பா?"

"ஆமாப்பா."

தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றான், அம்மாவுக்குக் கேட்காத குரலில்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ரயில் நகரும்வரை விடவில்லை. லீவு கிடைத்ததும் வீட்டுக்கு வா என்று மட்டும் சொல்ல முடிந்தது. தலையை ஆட்டினான்.

திரும்புகையில் பஸ்தான். ஐந்நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல். வீட்டுக்குள் நுழையும்போது மறுநாள் காலை ஒன்பது மணி. அசாமுக்கு ரயிலில் மூன்று நாளாகுமாமே என்று வழியெல்லாம் செண்பகம் சொல்லிக்கொண்டே வந்தாள். அன்றே வக்கீலிடம் விசாரித்தேன். விமானம் என்றால் கல்கத்தாவில் மாறி, எல்லாம் சேர்த்து அரை நாள் ஆகும் என்றார். வந்து அவளிடம் சொன்னேன்.



"அரை நாள்தானா? அப்பப் பக்கத்துலதான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.