அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

புலம்பெயர்ந்து வந்து வெக்ஸ்போர்டில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடங்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன வெளி இருந்தது. உட்கார நான்கு வாங்குகள், ஒரு மேப்பிள் மரம், பஸ் தரிப்புக்குப் போகும் நடைபாதை. அயலில் உள்ள எல்லோருக்கும் அதுதான் குறுக்குவழி. கோடை மாலைகளில் பெண்கள் பிள்ளைகளோடு வந்து இருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பெடியன்கள் வாங்கின் சாய்மானத்தில் ஏறி இருந்து சத்தமாகக் கதைப்பார்கள்.

ஒரு வசந்தத்தில், வாகனத் தரிப்பிடத்தில் நின்ற சில கார்களின் கண்ணாடிகளை யாரோ உடைத்துவிட்டார்கள். என்னுடைய காரும் அதில் ஒன்று. கொஞ்ச நாளில் லிஃப்டுக்குள் அறிவித்தல் ஒட்டினார்கள். அந்த வெளியைச் சுற்றிக் கமரா பூட்டப்போகிறார்களாம். கருத்துச் சொல்ல விரும்புவோர் கூட்டத்துக்கு வரலாமாம்.

அதை எதிர்த்துக் கையெழுத்துச் சேர்த்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் ஐந்தாம் மாடியில் இருந்த சோமாலியத் தாய், பதின்ம வயதில் இரண்டு மகன்கள். மற்றவர் எங்கள் மாடியில் இருந்த அக்கா. எங்கள் நாட்டின் தீவுப்பகுதிக் கத்தோலிக்கர், அறுபது தாண்டியவர், ஒரு பேக்கரியில் பாண் பொதி செய்யும் வேலை. இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்ச ஆங்கிலமும் கைச்சாடையும்தான். அதை வைத்துக்கொண்டே கதவு கதவாகத் தட்டினார்கள். என்னிடம் வந்தபோது யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கமரா வந்தால் நல்லது என்பதுதான் அப்போது என் எண்ணம்.

கூட்டத்துக்கு முதல்நாள் அக்கா தனியாக வந்தார். தான் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டும் என்று கேட்டார். ஊர்ச்சனத்துக்கு நான் அவ்வப்போது மொழிபெயர்த்துக் கொடுப்பது அவருக்குத் தெரியும்.

"தம்பி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவீரோ? குறைக்க வேண்டாம்."

"ஓம் அக்கா, சொல்லுறன்," என்றேன்.

கீழ்த்தள மண்டபம் நிறைந்திருந்தது. நிர்வாகத்திலிருந்து வந்த பெண் திரையில் படங்கள் காட்டி விளக்கினார். பிறகு அக்கா எழுந்தார். தமிழிலேயே பேசினார்.

"ஒருநாள் விடிய ஆமிக்காரர் எங்கடை ஊரைச் சுத்தி வளைச்சாங்கள். எல்லாரையும் கோயில் வளவுக்குள்ளை வரிசையா நடக்க விட்டாங்கள். ஜீப்புக்குள்ளை முகத்தை மூடின ஒருத்தன் இருந்தான். அவன் ஆரைப் பாத்துத் தலையாட்டினானோ, அவையைக் கொண்டு போனாங்கள். என்ரை தம்பியைப் பாத்தும் ஆட்டினான். தம்பி ஒண்டும் செய்யேல்லை. தலையாட்டினது ஆர் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. உங்கடை கமராவுக்குப் பின்னாலை இருந்து பாக்கப்போறது ஆர்? பிழையான பிள்ளையைக் காட்டினால், அந்தப் பிள்ளை ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கார்க் கண்ணாடியைப் பற்றிப் பேச வந்த கூட்டத்தில் ஜீப்பையும் முகமூடியையும் எப்படிச் சொல்வது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றும் யோசித்தேன். என் காரும் நினைவில் இருந்தது. இவர் போர் நடந்த நாட்டிலிருந்து வந்தவர், கமரா இவருக்குச் சங்கடமாக இருக்கிறது, பதிவுகளை யார் பார்ப்பார்கள் என்று அறிய விரும்புகிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

நிர்வாகப் பெண் பரிவோடு தலையசைத்தார். கமரா இவருடைய பாதுகாப்புக்கும்தான் என்றார். பின்வரிசையில் அடுத்த கை உயர்ந்தது. அக்கா சற்று நேரம் நின்றுவிட்டுப் பிறகு இருந்தார்.

இலையுதிர்வதற்கு முன்பே கமராக்கள் வந்துவிட்டன. அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் முன்வாசல் கண்ணாடிக் கதவு உடைந்து கிடந்தது. பதிவில் தெரிந்தது சோமாலியத் தாயின் மூத்த மகன் வாங்கில் இருந்தது மட்டும்தான். அவன்தான் உடைத்தான் என்றார்கள். வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தேன் என்று அவன் சொன்னதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நிர்வாகத்திலிருந்து அவர்கள் வீட்டுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. தாய் மகனோடு நிர்வாக அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். கதவில் இடித்தது யாரோ தளபாடம் ஏற்றிவந்த தள்ளுவண்டி என்று பிறகுதான் தெரியவந்தது. மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. பனி கரைவதற்குள் அந்தக் குடும்பம் வீடு மாறிப் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை, உடுப்புத் தோய்க்கும் அறையில் அக்காவைத் தனியே கண்டேன். மனதில் கிடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் சொன்னதை நான் முழுசாச் சொல்லேல்லை."

அவர் துவாயை மடித்துக்கொண்டே சொன்னார். "தெரியும் தம்பி. எனக்கு இங்கிலிஷ் கதைக்கத்தான் வராது. கேட்டால் விளங்கும்."

அப்படியென்றால் ஏன் அப்போதே கேட்கவில்லை என்றேன்.

"நீர் வெக்கப்பட்டு நிண்டீர். உம்மைச் சபையிலை வைச்சு இன்னும் வெக்கப்படுத்த எனக்கு மனம் வரேல்லை."

அவர் கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வாரம் அக்கா பேசியதை ஒரு சொல்லும் குறைக்காமல் ஆங்கிலத்தில் எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பினேன். கருத்துக்கு நன்றி என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கமராக்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அடுத்த வருடம் அக்கா, தன் மகன் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வாங்கிய வீட்டுக்குப் போய்விட்டார்.

சோமாலியத் தாய் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. கூட்டத்தன்று அவர் முன்வரிசையில், என் முகத்தையே பார்த்தபடி இருந்தார். தன்னோடு மாடி மாடியாக ஏறி இறங்கியவர், தன் பிள்ளையைப் போன்ற ஒரு பிள்ளைக்காகத்தான் எழுந்து நின்றார் என்பதை அவர் அறியவேயில்லை. அவர் காதுக்கு எட்டியது நான் சொன்னது மட்டும்தான்.