கப்பல்காரன் கழுத்தில் என் துண்டு

முடிவெட்டும் தொழிலில் கத்தியைத் தீட்டுவது சுலபம். நாற்காலியில் உட்கார்ந்தவனின் பயத்தைப் போக்குவதுதான் பெரும்பாடு. கடை வைத்துத் தினம் தினம் ஆட்களோடு மாரடிக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்களிடம் வருகிறவர்கள் சும்மா வருகிறார்கள். என்னிடம் வந்தவர்கள் சினிமா பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஐம்பதுகளில் நான் ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்குப் போய், சரக்கு இறக்க நிற்கும் வெளிநாட்டுக் கப்பல்களில் ஏறி, மாலுமிகளுக்குக் கிராப்பு வெட்டிச் சவரம் செய்து பிழைத்தேன். உள்ளே போக பாஸ் வேண்டும். பாஸ் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அவர்கள் பேசிய இங்கிலீஷை நம்ம பேட்டைப் பேச்சிலேயே தருகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுந்தது.

யானை எங்கே?

ஒரு கப்பலின் சமையல்காரன், தாடையில் சோப்பு நுரையோடு, யானையை எங்கே கட்டிவிட்டு வந்தாய் என்று என்னைக் கேட்டான். அவன் ஊரில் காட்டிய படங்களில் இந்தியர்கள் யானைமேல் போவார்கள், பாம்புக்கு மகுடி ஊதுவார்கள், மீதி நேரத்தில் ஆணிமேல் படுப்பார்கள். சோறு எப்போது தின்பார்கள் என்று எந்தப் படத்திலும் காட்டவில்லை போலிருக்கிறது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையில் கத்தி இருக்கும்போது கோபத்தை விழுங்கித்தானே ஆக வேண்டும்? சைக்கிளில் வந்தேன் என்றேன்.

அவன் முகம் முதலில் சப்பென்று போனது, பிறகு மலர்ந்தது. கிளம்பும்போது ரொட்டியும் ஜாமும் பொட்டலம் கட்டிக் கொடுத்து, தோளில் தட்டினான். "சைக்கிளா? எங்க நைனாவும் வேலைக்கு சைக்கிள்லதான்பா போறாரு!"

எதிர்வீட்டு அஞ்சலை

நம் பக்கம் மட்டும் யோக்கியமா? எங்கள் தெருவே டென்ட் கொட்டகையில் இங்கிலீஷ் படம் பார்த்து வளர்ந்தது. வெள்ளைக்காரன் என்றால் குதிரை, தொப்பி, இடுப்பில் துப்பாக்கி. எதிர்வீட்டில் மீன் விற்கும் அஞ்சலை, நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கவலைப்படுவாள். அவர்கள் இடுப்புப் பையில் சீப்புதான் இருக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் அவள் மண்டையில் ஏறாது. அந்தக் கவலையில் இருந்த பாசத்துக்காக நானும் சண்டை போடவில்லை.

"சீப்போ இன்னாவோ, அவன் கையி இடுப்பாண்ட போச்சுன்னா நீ கீழ பட்துக்கோ அண்ணாத்தே!"

துண்டு

சவரம் முடிந்ததும் துண்டைப் போட்டுக் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பது நம் வழக்கம். அது இல்லாமல் நம் ஆட்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். ஜிம் என்ற இளம் மாலுமி கழுத்து வலிக்கிறது என்றான். பாவம், பிள்ளை மூட்டை தூக்கியிருக்கிறான் என்று, நானும் சிரித்தபடி கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டு இரண்டு முனையையும் பிடித்தேன். வீறிட்டுக்கொண்டு எழுந்தான். சோப்புக் கிண்ணம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

சின்ன வயதில் அவன் பார்த்த ஒரு படத்தில், முண்டாசு கட்டிய இந்தியர்கள் வழிப்போக்கர்களின் கழுத்தைத் துணியால் இறுக்கிக் கொல்வார்களாம். ஓடி வந்த கப்பல் அதிகாரி என் பாஸைப் பிடுங்கிக்கொண்டார். துறைமுகப் போலீஸில் ஒப்படைக்கப் போவதாகச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜிம்மோ என்னைக் கைகாட்டினான். "படத்துலயும் இப்டித்தான் சார், மொதல்ல சிரிச்சான், அப்பால துணியப் போட்டான்!"

என்ஜினீயர்

அதே கப்பலில் ஒரு வயதான என்ஜினீயர் இருந்தார். குழாய்களுக்கு அடியில் குனிந்து குனிந்து, பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கக்கூட உடம்போடு திரும்ப வேண்டிய கழுத்து அவருக்கு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே கிடந்த துண்டை எடுத்துத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டார். சரியாக வராவிட்டால் பாஸ் மட்டுமா போகும்? முருகா என்று மெல்லத் திருப்பினேன். மளுக். மறுபக்கம், மளுக்.

அவர் கண்ணைத் திறந்தார். பிறகு தலையை மட்டும் திருப்பி அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். முன்பின் தெரியாதவனுக்காகத் தன் கழுத்தைக் கொடுத்த அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் என் கை தானாகக் குவியும். அதிகாரி பாஸை என் சட்டைப் பையிலேயே செருகிவிட்டு, அடுத்து அவரே உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது.

கடைசியில் ஜிம் வந்தான். முகம் வெளுத்திருந்தது, நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்திருந்தான். இருந்தும் வந்தானே, அந்தப் பிள்ளை! "துண்டு வாணாம் நைனா, கையாலயே எடு. நான் கண்ணத் தொறந்துகினே ஒக்காந்துக்கறேன்."

சினிமாக்காரர்கள் திரையில் எத்தனை கழுத்தை நெரித்தார்களோ எனக்குத் தெரியாது, என்னை நம்பிக் கழுத்தை நீட்டிய புண்ணியவான்களால்தான் என் குடும்பம் மூன்று வேளையும் சாப்பிட்டது.