பென்சில் கோடு படாத நான்கு வரிகள்

என் அக்காவுக்கு வந்த ஒரு கடிதத்தை அவருக்குப் படித்துக்காட்டியபோது, கடைசி நான்கு வரிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். முழுவதும் படித்தாயா என்று கேட்டார். படித்தேன் என்றேன். அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உற்றார்க்கு அவருடைய நற்குணங்களைச் சொல்லுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அக்கா ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில், ஏரிப் பாசன நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். நான் இரண்டு வயது இளையவன். எங்கள் தாயார் காலராவில் காலமானதிலிருந்து உலை வைப்பதும் மாடு கறப்பதும் அக்காவின் வேலையாயின. சோறு கட்டிக் கொடுத்து என்னைப் பட்டணத்துக் கல்லூரிக்கு ரயிலேற்றி அனுப்பியவரும் அவரே. அவருக்கு எழுத்துத் தெரியாது. வீட்டுப் பொறுப்பினால் திருமணம் தள்ளிப்போய் இருபது வயதைத் தாண்டிவிட்டார். அந்நாளில் அது பெரிய வயது.

சென்னீர்குப்பத்தில் இருந்த எங்கள் தாய்மாமன் மகன் ரயில்வே பட்டறையில் இரும்பு வேலை செய்துவந்தார். முறைப்படி அக்காவைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனாலும் பெரியவர்கள் தட்டு மாற்றுமுன் அக்காவின் மனத்தை அறிய விரும்பினார். கோடை விடுமுறையில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அதற்குள் அக்காவுக்கென்று தனித் தாள் ஒன்று. அதைப் படித்துக்காட்டும்படியும், வேண்டாம் என்றால் தமக்கு வருத்தமில்லை என்றும் எழுதியிருந்தார்.

அவ்வாண்டு கல்லூரியில் எங்களுக்கு ஒரு பழைய சோக நாடகம் பாடம். காதல்வயப்பட்டு இளமையிலேயே உயிர்விடும் ஒருவனின் கதை. விடுமுறைக்குமுன் முதல் அங்கம் மட்டுமே முடிந்திருந்தது. அதில் அந்த இளைஞன் பேசுவதெல்லாம் உவமை. காதலியின் கண்ணைச் சொல்லப் புகுந்தால் விண்மீனில் தொடங்கி முத்தில் முடிப்பான். நடுவில் அவள் இருக்க மாட்டாள். இவன் பெண்ணைக் காதலிக்கவில்லை, தன் பேச்சையே காதலிக்கிறான் என்றார் எங்கள் ஆசிரியர். இரவல் சொற்களின் கீழே பென்சிலால் கோடிட்டு, அவனுக்கே உரிய சொல் எஞ்சுகிறதா என்று பார்க்கச் சொன்னார். முதல் அங்கத்தில் ஒன்றும் எஞ்சவில்லை.

அதே பென்சிலை எடுத்துக்கொண்டு மாமன் மகனின் கடிதத்தின் முன் உட்கார்ந்தேன். முழுமதியே, அன்னமே, கற்பகக் கொடியே என்று ஒரு பக்கம். எல்லாம் பட்டணத்துக் குஜிலிக் கடைத்தெருவில் மலிவாக விற்கும் கடிதப் புத்தகங்களில் உள்ளவை. வரி வரியாகக் கோடிட்டேன். கீழே நான்கு வரிகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. அங்கே பென்சில் நின்றுவிட்டது.

பிற்பகலில் அக்கா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தந்தையார் வைக்கோல் பிரி திரித்துக்கொண்டிருந்தார். நான் படித்தேன்.

"முழுமதியா, நானா? அடுப்பு ஊதி ஊதி மூஞ்சியெல்லாம் கரியாக் கீது. அந்த மதிய இவரு எங்க பாத்தாராம்?" என்று அக்கா சிரித்தார்.

"பட்டறையில நெருப்பாண்ட நின்னுகினு கண்ணு பூத்துப்போச்சோ இன்னாவோ" என்றார் தந்தையார்.

அவர்களைச் சிரிக்கவைத்த பெருமையில் நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். "அக்கா, இதுல அவரு சொந்தமாச் சொன்னது ஒண்ணுமில்ல. எல்லாம் இரவல். இப்பிடிப் பேசறவனுக்குத் தன் பேச்சு மேலதான் ஆசை, பொண்ணு மேல இல்ல. காலேஜ்ல இதத்தான் படிக்கிறோம்."

அந்த நான்கு வரிகளும் அப்போது என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தன. படித்தால் என் ஆராய்ச்சி பொய்த்துப்போகும். அக்கா போய்விட்டால் எனக்குச் சோறு கட்ட ஆளில்லை என்ற எண்ணமும் இருந்ததா என்று பின்னாளில் என்னையே கேட்டதுண்டு. இருந்திருக்கலாம்.

"அவ்ளோதானா? முழுக்கப் படிச்சியாடா?"

"படிச்சாச்சு."

"அப்ப வேணான்னு எழுதிடு. நீ படிச்சவன், ஒனக்குத் தெரியாததா" என்று கீரைக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமன் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஓர் இரும்பு ராட்டினம். கிணற்றிலிருந்த பழைய மர ராட்டினத்தைக் கழற்றி இதை மாட்டினார். இரண்டு குடம் இறைத்துப் பார்த்தார். ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

"வேணான்னு சொன்னப்புறம் இது எதுக்குடா?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

காரணம் அந்த நான்கு வரிகளில் இருந்தது. 'போன தடவை வந்தபோது உங்கள் ராட்டினம் இறுகிக் கிடந்தது. கயிறு இழுத்து உன் உள்ளங்கை காய்த்திருந்தது. பட்டறையில் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். நீ வேண்டாம் என்றாலும் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவேன்.'

தெரியவில்லை என்றேன்.

கல்லூரி திறந்து நாடகத்தின் கடைசி அங்கம் வந்தது. காதலி இறந்த செய்தி அந்த இளைஞனுக்கு எட்டுகிறது. அவன் ஓர் உவமையும் சொல்வதில்லை. மழை விட்டதா என்று வேலையாளைக் கேட்கிறான். அவளிடம் போக வழி இருக்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. பேசத் தெரியாதவன் முதலில் ஊராரின் சொற்களைத்தான் எடுப்பான், அதில் குற்றமில்லை, அவனுடைய சொல் எங்கே தொடங்குகிறது என்று காண்பதே படிப்பவன் வேலை என்றார் ஆசிரியர். தேர்வில் இதையே நான் விரிவாக எழுதினேன். வகுப்பில் அதைப் படித்துக்காட்டிப் பாராட்டினார்கள். மாமன் மகனுக்கு வேறிடத்தில் திருமணம் நடந்தது தை மாதத்தில். அதுவரை எனக்கு அவகாசம் இருந்தது. வீட்டில் நான் வாய் திறக்கவில்லை.

மறு ஆண்டு அக்காவை அம்பத்தூரில் இருந்த, மனைவியை இழந்த ஒருவருக்குக் கொடுத்தோம். ஆறு ஆண்டுகளில் கணவர் காலமானார். குழந்தை இல்லை. ஒரு தகரப் பெட்டியோடு அக்கா பிறந்தகம் திரும்பினார். தந்தையாரைக் கடைசிவரை கவனித்ததும், என் பிள்ளைகள் மூவரை வளர்த்ததும் அக்காவே. வழியில் போகும் வண்டிக்காரர்கள் தண்ணீர் கேட்டால், முதலில் மாட்டுக்கு ஊற்றிவிட்டுத்தான் ஆளுக்குக் கொடுப்பார். அந்த இரும்பு ராட்டினத்தில்தான் நாற்பது ஆண்டுக்கு மேல் நீர் இறைத்தார்.

இரண்டு ஆண்டுகளுக்குமுன் கால் வீங்கி அக்கா படுக்கையில் விழுந்தார். ஒரு பிற்பகலில், இத்தனை காலமும் நான் வைத்திருந்த அந்தக் கடிதத் தாளை எடுத்துப்போய் உண்மையைச் சொன்னேன். கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"இது இன்னா கோடு?"

"நான் போட்டது. இரவல்னு காட்ட."

"கீழ ஏன் போடல?"

நான்கு வரிகளையும் படித்தேன்.

"இன்னொரு தபா படி."

மூன்று முறை படித்தேன். "சரி, போ" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், "அவரு ஊட்டுக்குப் போய் வரச் சொல்லு. ராட்டினத்துக்கு எண்ணெ போடணும்" என்றார்.

சென்னீர்குப்பம் போனேன். மாமன் மகன் மனைவியை இழந்து பேரப்பிள்ளைகளோடு இருந்தார். நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார்.

"மேல கீறது பட்டறைல கணக்கெழுதற ரைட்டர் சொல்லச் சொல்ல எழுதனது, மச்சான். கடசி நாலு வரிதான் நானா எழுதனது. அதக் கேட்டுட்டுத்தான் வேணான்னுட்டாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். அதுக்கப்புறம் யாருக்கும் நானா ஒரு காயிதம் எழுதனதில்ல."

அன்றே என்னோடு வந்தார். ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டு அக்காவின் அறை வாசலில் நின்றார்.

"சத்தம் வருதா?" என்றார் அக்கா.

"வரல."

அவ்வளவுதான் பேசினார்கள். அதன்பின் ஞாயிறுதோறும் வந்தார். அக்கா என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்காவின் இறுதி நாட்களில் வைத்தியம் பார்த்தவருக்கும், முறை வைத்து உடனிருந்த அண்டை வீட்டுப் பெண்களுக்கும், பட்டாளத்து லாரிகள் நெருக்கிய சாலையில் வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. அக்காவைக் கடைசியாகக் குளிப்பாட்டத் தண்ணீர் இறைத்தவர் மாமன் மகன். எழுபது வயதில் ஏழு குடம் இறைத்தார். மூன்றாவது குடம் பாதிக் கிணற்றில் நின்றுவிட்டதைக் கண்டு நான் கயிற்றைப் பிடிக்கப் போனேன்.

"நீ உடு, மச்சான்" என்றார்.

விலகி நின்றேன்.