தரைக்கு மேலே ஒரு குழி

காஜா நஜ்முதீன் சவூதியில் குழியடுப்பில் மந்தி என்கிற அரபுக் கறிச்சோறு சமைத்தவர். திருமலைராயன்பட்டினத்தில் இதை நம்பியது அவருடைய மனைவி அஜீசுன்னிசா மட்டும்தான். அவளுக்கும் உள்ளூரக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. வீட்டில் அவர் ஒரு டீகூடப் போட்டதில்லை.

இந்தத் தடவை லீவில் வந்தவர், இனித் திரும்பிப் போவதில்லை, இங்கேயே மந்திக் கடை வைக்கப்போகிறேன் என்றார். கடைத்தெருவில் பூட்டிக் கிடந்த இடம் அவளுடைய அண்ணன் அஜ்மீருக்குச் சொந்தம். சிமெண்டில் வட்ட வட்டமாகக் கிணற்று உறை வார்த்து விற்கிற அவர், எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார்.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிச்சு சாப்பிட வர்றேன் மச்சான். நல்லா இருந்தா கடைச் சாவி உங்களுக்கு. இல்லாட்டி பேசாம பிளைட் ஏறிடுங்க."

கதவுக்குப் பின்னால் நின்று அஜீசுன்னிசா கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சவூதிக்கு எடுத்துப்போகும் பெரிய நீலப் பெட்டியும் அவள் பக்கத்தில்தான் நின்றது. அது அங்கே நிற்பதே அவளுக்குப் பிடிக்காது.

புதன்கிழமை கொல்லையில் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டி, உள்ளே செங்கல் அடுக்கினார். "பாலைவனத்துல இப்படித்தான் புள்ள" என்று மீசையைத் தடவிக்கொண்டார். மழை விட்டு மண் இன்னும் காயாத தை மாதம். பாலைவன ஞாபகத்தில் சொந்த ஊர் மண்ணை மறந்துவிட்டார். மறுநாள் காலை குழி நிறையத் தண்ணீர். செங்கல் மேல் ஒரு தவளை, வாடகை கொடுத்துக் குடியேறியதுபோல் உட்கார்ந்திருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு வந்த அஜ்மீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கிணறு வெட்டியாச்சு மச்சான். நம்ம பட்டறையிலேர்ந்து உறை கொண்டாந்து எறக்க வேண்டியதுதான் பாக்கி!"

தலையில் கை வைத்திருந்த காஜா சட்டென்று எழுந்தார். "எறக்க வேணாம் மச்சான். மேல நிறுத்துவோம். ரெண்டு உறை குடுங்க."

சாயங்காலமே லோடு ஆட்டோவில் உறை வந்தது. தென்னைமரத்துப் பக்கம் மேடான இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினார். சூட்டில் சிமெண்டு வெடிக்காமலிருக்க உள்ளே செங்கல் அடுக்கிக் களிமண் பூசி, வெளியே மண்ணைக் குவித்து அணைத்தார். உள்ளே எட்டிப் பார்க்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை சவுக்குக் கட்டை எரிந்து கங்கானதும், அரிசிச் சட்டியை அடுப்புக்குள் இறக்கி, அதன் மேல் கம்பி வலையில் ஆட்டுக்கறியை வைத்து, மூடியைச் சுற்றிலும் மண் பூசினார்.

"புகை வந்தா கறி வேகாது. பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

அஜீசுன்னிசா கையில் களிமண்ணோடு அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். புகை எங்கே தலைகாட்டினாலும் ஓர் அப்பு. அவள் முகமெல்லாம் சேறு.

ஜும்மா முடிந்து எல்லாரும் வந்தார்கள். மூடியைத் திறந்ததும் வாசனை பக்கத்து வீடு வரை போனது. அஜ்மீர் ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய். எலும்பை உறிஞ்சி முடித்து, சஹன் தட்டில் ஒட்டியிருந்த சோற்றையும் வழித்துத் தின்ற பிறகு கேட்டார்:

"கடைக்கு எத்தனை உறை வேணும் மச்சான்?"

அஜீசுன்னிசா உள்ளே போய் நீலப் பெட்டியை இழுத்து வந்தாள். அடுப்பில் அணைந்து ஆறிக் கிடந்த கரியையெல்லாம் அள்ளி அதில் கொட்டினாள்.

"ஏய், அது நான் சவூதிக்குப் போற பெட்டி புள்ள!"

"தெரியுங்க" என்று சொல்லி மூடியை அழுத்திப் பூட்டினாள்.