இலக்கம் எட்டு, பீலி வீதி

போன மாதம் அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பலாம் என்று கைபேசியில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். நிறம் பார்த்தாயிற்று, அளவு பார்த்தாயிற்று, விலாசம் கேட்ட இடத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். 'வீட்டு இலக்கம்' என்ற கட்டத்தின் தலையில் ஒரு சிவப்பு நட்சத்திரம். அதை வெறுமையாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. ஒரு கோடு போட்டு ஏமாற்றப் பார்த்தேன், அதற்கும் மசியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருடங்களுக்கு முன்னால் இதே கட்டத்தை நிரப்பத் தெரியாமல் கணினிப் பாட ஒப்படைக்குப் பூச்சியம் வாங்கியவள் நான்.

அப்போது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற பாதையில் எங்கள் பாடசாலை. பழைய விஞ்ஞான அறையைக் கழுவித் துடைத்து நான்கு கணினிகளை வைத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் வகுப்பு. சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மழை நாட்களில் பன்னிரண்டு பேரின் ஈரக் காலுறை நாற்றமும், பூச்சி வராமலிருக்கத் திரைகளுக்குப் பின்னால் மிஸ் போட்டு வைத்திருந்த பூச்சி உருண்டை வாசமும் சேர்ந்து அடிக்கும். இன்றைக்கும் அலுமாரியைத் திறந்து அந்த வாசம் வந்தால் மற்றவர்களுக்குப் பட்டுச்சேலை ஞாபகம் வரும், எனக்கு விசைப்பலகை ஞாபகம் வரும்.

ஒரு கணினிக்கு மூன்று பேர். ஒருவருக்கு விசைப்பலகை, ஒருவருக்கு மவுஸ். மூன்றாமவரின் வேலை, எந்த நேரமும் கரண்ட் போகலாம் என்பதால் "சேவ் பண்ணு, சேவ் பண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருப்பது. முதல் தவணை முழுக்க நான் அந்த உத்தியோகம்தான் பார்த்தேன். விசைப்பலகை மகேஸிடம் இருந்தது. மகேஸ் என் வகுப்புத் தோழி, தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்திலேயே ஒரு காம்பரா தள்ளிக் குடியிருந்தவள்.

கணினி மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய அப்பா பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்ததால் டவுனிலேயே வீடு. நல்லவர், ஆனால் ஒப்படை என்று வந்துவிட்டால் ஈவிரக்கம் பார்க்கமாட்டார். அந்தத் தவணை அவர் தந்த ஒப்படை இதுதான். ஒரு கடிதத்தை எழுதவேண்டும். பக்கத்தில் ஓர் அட்டவணையில் பத்துப் பேரின் பெயர், வீட்டு இலக்கம், வீதி, ஊர் என்று நிரப்பவேண்டும். இரண்டையும் சேர்த்தால் இயந்திரம் ஆளுக்கொன்றாகப் பத்துக் கடிதங்களைத் தந்துவிடும். அன்றைக்கு அது எங்களுக்குக் கண்கட்டு வித்தை.

எங்கள் லயத்தில் சரியாகப் பத்துக் காம்பரா. ஆகவே பத்து வீட்டுக்காரரின் பெயர்களையும் போட்டோம். இலக்கத்துக்கும் வீதிக்கும் கோடு. பிறகு மேல் டிவிசன், தோட்டத்தின் பெயர், பதுளை. மிஸ் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன பிள்ளையள் இது? பத்துப் பேருக்கும் ஒரே விலாசம். ஒண்டை அடிச்சுப்போட்டுக் கீழ இழுத்து விட்டிருக்கிறியள்."

"இல்லங்க மிஸ்," என்றாள் மகேஸ். "எங்க லயத்துல எல்லாருக்கும் இதுதான் விலாசம்."

"அப்ப வீட்டு நம்பர்?"

"நம்பர் இல்லங்க."

"நம்பர் இல்லாத வீடு எங்கையும் இருக்கே?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. டவுன் வீதியில் வளர்ந்தவருக்கு அது உண்மையாகவே தெரியாது. இப்போதைக்குப் பூச்சியம், அடுத்த சனிக்கிழமைக்குள் ஒழுங்காகச் செய்து தராவிட்டால் அது பூச்சியமாகவே இருக்கும் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு ஏறிப் போகும்போது நான் என் அபாரமான யோசனையைச் சொன்னேன். பதுளை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைகளின் இலக்கங்களைப் பார்த்து எழுதிவிடலாம் என்றேன். மகேஸ் நின்றுவிட்டாள்.

"பொய் எதுக்குடி? நம்ம வீட்டுக்கே நம்பர் போட்டுருவோம்."

அவளுக்குப் புள்ளி பெரிதில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுடைய அக்காவின் கதை லயத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபிஸுக்குத்தான் வரும். தபால் பையைக் கிளாக்கர் ஐயா பிரிப்பார், மேசை லாச்சிக்குள் போடுவார், ஞாபகம் வந்தால் காலையில் வேலைக்குப் பேர் எடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி மூலம் கொடுத்தனுப்புவார். அவர் கெட்டவரில்லை, அவருக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை, அவ்வளவுதான். முந்திய வருடம் அக்காவுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்து அந்த லாச்சியில் கிடந்தது. கைக்குக் கிடைத்தபோது நேர்முகம் முடிந்து மூன்று நாள். அக்கா அழாமல் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விட்டார். இந்த வருடம் இன்னொரு முறை விண்ணப்பிக்கலாம். அதோடு வயதெல்லை முடிந்துவிடும்.

யோசித்துப் பாருங்கள், தோட்டத்தில் இலக்கத்துக்கா பஞ்சம்? ஒவ்வொரு தேயிலை மலைக்கும் நம்பர் இருந்தது, பலகையில் எழுதி நட்டிருப்பார்கள். அம்மாவுக்குப் பேர்ப் பதிவில் ஒரு நம்பர் இருந்தது. வெட்ட வேண்டிய மரத்துக்குக்கூட நம்பர் இருந்தது. நாங்கள் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிற இடத்துக்கு மட்டும் ஒருவரும் போட நினைக்கவில்லை.

மலைப் பலகைக்கு எழுதும் வெள்ளைப் பெயின்ட் டின்னின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மகேஸ் அதைக் கங்காணியிடம் கெஞ்சி வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினோம். ஏழு வரைக்கும் ஒரு வில்லங்கமும் இல்லை. ஏழு மகேஸின் வீடு. எட்டாவது காம்பராவில் லெச்சுமி அத்தை கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"பொண்ணு பாக்க வர்ற நேரத்துல எட்ட எழுதிப் புடாதீங்கடி. வேற எத வேணாலும் போடுங்க."

எட்டு சனியின் எண் என்பது அவர் கணக்கு. எட்டு இல்லாமல் ஒன்பதுக்குத் தாவினால் மிஸ் விடமாட்டார் என்பது என் கணக்கு. அடுத்த காம்பரா எங்களுடையது. அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். அத்தைக்கு ஒன்பதைக் கொடுத்துவிட்டு எங்கள் கதவில் எட்டை எழுதினேன். ஆகவே எங்கள் லயத்தில் ஏழுக்கு அடுத்தது ஒன்பது, அதற்கடுத்தது எட்டு, பிறகு பத்து. குடத்தோடு திரும்பி வந்த அம்மா கதவைப் பார்த்தார்.

"ஊரே வேணாங்கறத எந்தலையில கட்டிட்டியா?"

அன்று சாயங்காலம் சாம்பல் போட்டுத் தேங்காய்நாரால் கதவைத் தேய்தேய் என்று தேய்த்தார். மலையில் மழையிலும் வெயிலிலும் நிற்பதற்கென்று செய்த பெயின்ட், சாம்பலுக்கெல்லாம் போகுமா? மூன்று நாள் அம்மா என்னோடு பேசவில்லை.

வீதிக் கட்டத்துக்கும் ஏதாவது வேண்டுமல்லவா? மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியிலிருந்து லயத்துக்கு ஒரு பாதை இருந்தது. வழுக்கி விழாதவர்கள் இல்லை. ஆடு போகவும் யோசிக்கும் அந்தப் பாதைக்குப் 'பீலி வீதி' என்று பெயர் வைத்தோம்.

சனிக்கிழமை மிஸ் அட்டவணையைப் படித்தார்.

"போன கிழமை இல்லாத நம்பர் இந்தக் கிழமை எப்பிடி வந்தது?"

"ஞாயித்துக்கிழம நாங்கதான் போட்டோங்க மிஸ். கதவுல."

மிஸ் பத்து வரிகளையும் மேலிருந்து இன்னொரு தரம் படித்தார். பிறகு முழுப் புள்ளியும் போட்டார். அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். மகேஸ் விடவில்லை. அக்காவின் விண்ணப்பத்தில் இந்தப் புது விலாசத்தைப் போட வேண்டும், ஆனால் கடிதம் வந்து சேராமல் திரும்பிப் போய்விட்டால் இருந்த வாய்ப்பும் போய்விடும், அதனால் முதலில் இந்தப் பத்தையும் தபாலில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். மிஸ் மறுபேச்சில்லாமல் வீட்டில் அப்பா மிச்சம் வைத்திருந்த நீளமான பழுப்புக் கவர்கள் பத்தைக் கொண்டுவந்தார். அந்தப் பழைய அச்சு இயந்திரம் பத்துக் கடிதங்களையும் கர்கர் என்று கத்திக் கத்தி அடித்துத் தள்ளியது. கடிதத்தில் ஒரே ஒரு வரிதான்: 'இக்கடிதம் கிடைத்ததும் தயவுசெய்து எமக்கு அறியத் தரவும்.'

திங்கட்கிழமை தபாலில் போட்டோம். செவ்வாய் வரவில்லை, புதனும் வரவில்லை. மகேஸ் சாப்பிடவில்லை என்று அவள் அம்மா என்னிடம் குறைபட்டுக்கொண்டார். நானோ தின்பதை ஒருநாளும் நிறுத்தியவளில்லை, ஆனால் நானும் பாடசாலை விட்டதும் ஆபிஸ் வாசல் வழியாகத்தான் சுற்றி வந்தேன்.

வியாழக்கிழமை மழைத்தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு பீலி வீதியில் ஒருவர் தடுமாறித் தடுமாறி ஏறி வந்தார். கிளாக்கர் ஐயா. லயத்துப் பக்கம் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. அச்சடித்த விலாசத்தையும் பழுப்புக் கவரையும் பார்த்து அரசாங்கக் கடிதம் என்று பயந்துவிட்டார் போல. ஒவ்வொரு கதவாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தவர், ஏழைத் தாண்டி ஒன்பதைக் கண்டதும் நின்றார்.

"யாரு போட்டது இந்த நம்பர?"

நான் மகேஸின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். மலையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்த மகேஸின் அம்மா, படங்கைக்கூட அவிழ்க்காமல், மிகவும் பணிவாகச் சொன்னார்.

"எப்பவும் இருக்கறதுதானுங்க ஐயா. நீங்கதான் இந்தப் பக்கம் வர்றதில்ல."

கிளாக்கர் ஐயா அவரையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கவரை அவரவர் கையில் கொடுத்தார். "கவர்மெண்டு காயிதம் மாதிரி இருக்கு, பத்திரமா வச்சிக்கங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எம்பேரா எழுதியிருக்கு?"

"ஆமாம்மா."

அதுவரைக்கும் அம்மாவின் பெயருக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானே அடித்த கடிதத்தை நானே பிரித்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். கிடைத்ததும் அறியத் தரவும் என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். அம்மா தலையை ஆட்டினார்.

"கெடச்சிருச்சுன்னு சொல்லிரு."

அக்காவின் விண்ணப்பம் இலக்கம் ஏழு, பீலி வீதியிலிருந்து போனது. நேர்முகக் கடிதம் வந்த அன்றே கிளாக்கர் ஐயா ஆள் அனுப்பிக் கதவில் கொடுக்கச் சொன்னார். நேர்முகத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இரவல் சேலையில் போன அக்கா, இப்போது மொனராகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியர். அவரிடம் படித்த பிள்ளைகள் சிலர் ஆசிரியராகிவிட்டார்கள் என்று மகேஸ் போன வாரம் சொன்னாள்.

அந்த ஒப்படையைப் பதிந்த பிளாப்பி தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வாசிக்கத்தான் ஓர் இயந்திரமும் இல்லை. மிஸ் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டார். லயத்தை இடித்துத் தனித்தனி வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவின் சமையலறையிலேயே குழாயில் தண்ணீர் வருகிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். பீலி வறண்டு, பாதையை மானாப்புல் மூடிவிட்டது. எட்டு எழுதிய கதவு யார் அடுப்பில் எரிந்ததோ தெரியாது. கடிதம் என்று ஒன்றை இப்போது யாரும் எழுதுவதும் இல்லை.

சிவப்பு நட்சத்திரத்துக்கு வருகிறேன். அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"புது வீட்டு நம்பர் என்னம்மா?"

"இருபத்தாறுன்னு பலக அடிச்சிருக்காங்க. நீ எட்டுன்னே போடு."

"அந்த லயமே இல்லையேம்மா."

"எட்டுக்குத்தான் எம்பேர்ல காயிதம் வந்துச்சு. எட்டுன்னே போடு."

போட்டேன். இலக்கம் எட்டு, பீலி வீதி. கைபேசி மறுகேள்வி கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனது. பார்சல்காரர் தோட்டத்துச் சந்தியில் நின்று எனக்கு அழைத்து வழி கேட்டார், நான் சொன்னேன். அதை நான் அம்மாவிடம் சொல்லப்போவதில்லை. அன்று சாயங்காலம் அம்மாவே அழைத்தார்.

"கெடச்சிருச்சு," என்றார்.